நாதுலா: மெதுவாக ஏறுவதா, ஒரே நாளில் போய்த் திரும்புவதா?

வெண்சாமரம்
நவம்பர் இரண்டாம் வாரம் சிக்கிம் போகிறோம், சீன எல்லையில் இருக்கும் நாதுலா கணவாயைப் பார்க்க. ஐந்து பேர்: நானும் கணவரும், மகள் (9 வயது), அப்பா (67, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்), அம்மா (62). உயரத்துக்கு உடம்பு பழக வேண்டும் என்று எல்லோரும் சொல்வதால் காங்டாக்கிலிருந்து ஒரே மூச்சில் ஏறாமல், பழைய பட்டுப்பாதை வழியாக மெல்ல ஏறலாம் என்று இப்படிப் போட்டிருக்கிறேன்:

சனி: பாக்டோக்ராவில் இறங்கி, ரொங்லி வழியாக ஜுலுக். இரவு அங்கே.
ஞாயிறு: நாதாங் பள்ளத்தாக்கு. இரவு அங்கே.
திங்கள்: குபுப், நாதுலா, மாலை காங்டாக்.
செவ்வாய்: காங்டாக் சுற்றிப் பார்ப்பது.
புதன்: திரும்பும் விமானம்.

டிக்கெட் இன்னும் போடவில்லை. குறை இருந்தால் சொல்லுங்கள்.

சக்கரம்
முதலில் பெரிய ஓட்டை. திங்களும் செவ்வாயும் நாதுலா மூடியிருக்கும். புதன் முதல் ஞாயிறு வரைதான் அனுமதி. உங்கள் திட்டத்தில் நாதுலா திங்களில் இருக்கிறது.

இரண்டாவது, ரொங்லியில் கொடுக்கும் பெர்மிட் பட்டுப்பாதைக்கு மட்டும்தான். நாதுலா பெர்மிட் காங்டாக்கில் பதிவுபெற்ற பயண முகவர் மூலமாக, முந்தைய நாளே விண்ணப்பித்து வாங்குவது. குபுப் பக்கமிருந்து வந்து "அப்படியே நாதுலாவையும் பார்த்துவிட்டுப் போகிறோம்" என்றால் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

என் யோசனை எளியது. காங்டாக்கில் தங்குங்கள், ஒரே நாளில் போய்த் திரும்புங்கள். 54 கிலோமீட்டர்தான். காலை 7 மணிக்குக் கிளம்பினால் மாலை 4 மணிக்கு அறைக்கு வந்துவிடலாம்.

கொண்டைஊசி
கிழமை, பெர்மிட் இரண்டிலும் சக்கரம் சொல்வது சரி. முடிவை மட்டும் ஏற்க முடியவில்லை. காங்டாக் 1,650 மீட்டர், நாதுலா 4,310 மீட்டர். நாலு மணி நேரத்துக்குள் 2,660 மீட்டர் ஏற்றம். மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். 67 வயதுக்காரரை அங்கே கொண்டுபோய்ப் படிக்கட்டு ஏறச் சொல்வதை எப்படி எளியது என்கிறீர்கள்?

பட்டுப்பாதையில் பதம்சென் சுமார் 2,400 மீட்டர், ஜுலுக் சுமார் 3,000, நாதாங் சுமார் 4,100. படிப்படியாகப் போகிறது. ஜுலுக்குக்கு மேலே முப்பதுக்கும் அதிகமான கொண்டை ஊசி வளைவுகள். அந்த ஏற்றத்தில் 'தம்பி' என்ற வியூ பாயிண்டில் நின்றால் காலை வெயில் கஞ்சன்ஜங்காமேல் விழுவது தெரியும். நவம்பரில் வானமும் தெளிவு. இதை விட்டுவிட்டுக் காலை முதல் மாலை வரை வண்டிக்குள் உட்கார்ந்து வருவதா?

சக்கரம்
படிப்படியாகப் போவது பாதைதான். அந்தக் குடும்பம் தூங்கும் உயரத்தைப் பாருங்கள். சனிக்கிழமை காலை சமவெளி, இரவு 3,000 மீட்டர், மறுநாள் இரவு 4,100. நாதாங்கில் அவர்கள் பத்து மணி நேரத்துக்கு மேல் இருக்கப்போகிறார்கள். என் திட்டத்தில், காங்டாக்–நாதுலா வழியில் இருக்கும் சோம்கோ ஏரிக்கு மேலே, அதாவது 3,750 மீட்டருக்கு மேலே, மொத்தமே மூன்று நாலு மணி நேரம். இரவு தூக்கம் 1,650 மீட்டரில்.

அமெரிக்காவில் கொலராடோவின் பைக்ஸ் பீக் 4,302 மீட்டர், நாதுலாவுக்குச் சமம். பல்சக்கர ரயிலிலும் காரிலும் ஏறிப்போய், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் அங்கே ஏராளம்.

மருந்துப்பெட்டி
தூக்க உயரம் பற்றிச் சக்கரம் சொல்வதுதான் மருத்துவ வழிகாட்டுதலிலும் இருக்கிறது. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு போகிறவர்கள் அதிகம்.

சமவெளியிலிருந்து வருகிறவர் முதல் இரவு 2,750 மீட்டருக்கு மேலே தூங்காமல் இருப்பது நல்லது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. பகலில் அதைவிட மேலே போய்வருவதை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. வெண்சாமரத்தின் திட்டம் இரண்டு விதிகளையும் முதல் இரண்டு இரவுகளிலேயே மீறுகிறது.

மலைநோயின் தலைவலி, குமட்டல், சோர்வு எல்லாம் பெரும்பாலும் உயரத்தை அடைந்து 2 முதல் 12 மணி நேரத்துக்குள் தலைகாட்டும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்தான வகை இரண்டு முதல் நாலு நாளில் வரும், பெரும்பாலும் இரவில் முற்றும். தூக்கத்தில் மூச்சு மந்தமாவதால் ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் இறங்கும். நாதாங்கில் நள்ளிரவில் அப்படி ஆனால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கீழே இறக்குவது. அந்த நேரத்தில் இறங்க வேண்டிய பாதையோ மேலே சொன்ன கொண்டை ஊசி வளைவுகள், இருட்டில், மூடுபனியில். பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் காங்டாக் வரை போக வேண்டும்.

வெண்சாமரம், அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரையில் என்ன மருந்து? அட்டையைப் பார்த்துச் சொல்லம்மா.

கொண்டைஊசி
நாதாங்கில் இரவு தங்குவதை விட்டுவிடலாம். அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஆனால் சக்கரத்தின் கணக்கு வண்டி திட்டமிட்டபடி திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. 2018 டிசம்பர் 28 அன்று திடீர்ப் பனியில் சோம்கோ–நாதுலா பாதையில் சிக்கியவர்கள் 2,500 பேருக்கு மேல். ராணுவம்தான் அவர்களை மீட்டு, உணவும் இடமும் கொடுத்தது. பகல் பயணம் என்று கிளம்பியவர்களுக்கு அன்று இரவு மலைமேல்தான். உடம்பு சிறிதும் பழகாமல் அப்படி மாட்டிக்கொண்டால்?

அதனால் இப்படிச் செய்யலாம். சனி இரவு பதம்சென், ஞாயிறு இரவு ஜுலுக். திங்கள் காலை தம்பி, நாதாங், குபுப் எல்லாம் பகலில் பார்த்துவிட்டு, சோம்கோ வழியாகக் காங்டாக்குக்கு இறக்கம். செவ்வாய் ஓய்வு, அன்றே நாதுலா பெர்மிட்டுக்கு விண்ணப்பம். புதன் நாதுலா. அப்போது உடம்பு இரண்டு இரவு பழகியிருக்கும். தூக்க உயர விதி எதுவும் மீறப்படவில்லை.

மருந்துப்பெட்டி
இந்தத் திருத்தம் நன்றாக இருக்கிறது. விதிப்படி சரி.

சக்கரம்
விதிப்படி சரி, நாள்படி இடிக்கிறது. புதன் பனி விழுந்தால் மாற்று நாள் வியாழன், வெள்ளி விமானம். ஏழு நாள் ஆகிவிட்டது, அவர்களிடம் இருப்பது ஐந்து. மேலும் பாக்டோக்ராவிலிருந்து பதம்சென் ஒரே நாளில் முடியுமா என்பது விமானம் இறங்கும் நேரத்தைப் பொறுத்தது. சிலிகுரியிலிருந்து ரொங்லி நாலு மணி நேரம், அங்கே பெர்மிட், பிறகு மலை. மதியத்துக்குப் பின் இறங்குகிற விமானமென்றால் ரொங்லிக்கு இருட்டிய பிறகுதான் போவீர்கள், பெர்மிட் மறுநாள் காலைக்குத் தள்ளும். அப்போது இரவைக் கீழேயே கழிக்க வேண்டும்.

பனியில் சிக்கும் விஷயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. அதனால்தான் காலை 7 மணி. மதியம் ஆனால் மேகம் ஏறும். வெயிலில் உருகிய நீர், நிழல் விழும் வளைவுகளில் மாலை 3 மணிக்கு மேல் கண்ணாடிபோல் உறையத் தொடங்கும். கண்ணுக்குத் தார்ச்சாலை மாதிரியே தெரியும், டயர் பிடிக்காது. நாதுலாவிலிருந்து மதியம் 1 மணிக்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். பலர் போகும்போது சோம்கோவில் யாக் சவாரி, நூடுல்ஸ் என்று ஒன்றரை மணி நேரத்தை விடுகிறார்கள். ஏரியைத் திரும்பும்போது பாருங்கள்.

இன்னொன்று. அன்றைய பெர்மிட் எந்த மைல் வரை என்று போட்டிருக்கிறதோ அதோடு நில்லுங்கள். 2023 ஏப்ரல் 4 அன்று 15ஆவது மைலில் பனிச்சரிவு 7 பேரைக் கொன்றது. அன்று 13ஆவது மைல் வரைதான் அனுமதி இருந்தது. "இன்னும் கொஞ்சம் போங்க பாய்" என்று ஓட்டுநரை வற்புறுத்தவே கூடாது.

வெண்சாமரம்
திங்கள் மூடியிருக்கும் என்பதே தெரியாது, மிக்க நன்றி. அக்கா, அப்பாவின் மாத்திரையில் டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் இருக்கின்றன. மலைநோய் வராமல் தடுக்க டயமாக்ஸ் மாத்திரை கொடுக்கலாம் என்று உறவினர் சொன்னார். ஆக்சிஜன் கேன், கற்பூரம், பாப்கார்ன் எல்லாம் வாங்கச் சொல்கிறார்கள்.

மருந்துப்பெட்டி
ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீரைக் கூட்டும் மருந்து. டயமாக்ஸும் அதே வேலையைச் செய்யும். இரண்டும் சேர்ந்தால் பொட்டாசியம் இறங்கும், நீர்ச்சத்து குறையும். தசைப்பிடிப்பு, படபடப்பு வரலாம். அப்பாவுக்கு மாத்திரை எழுதும் மருத்துவரைக் கேட்காமல் டயமாக்ஸ் கொடுக்காதே. ரத்த அழுத்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வழக்கமான நேரத்தில் போக வேண்டும். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை யாருக்காவது உண்டென்றால் அதையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடு.

பெரியவர்களுக்கு டயமாக்ஸின் தடுப்பு அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடக்கம். விரல்நுனி மரத்ததுபோல் இருக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். பகலில் போய்த் திரும்பி 1,650 மீட்டரில் தூங்குகிறவருக்குப் பொதுவாக இது தேவைப்படாது. ஜுலுக் திட்டமென்றால் கேட்க வேண்டிய கேள்வி.

கேனில் 10 லிட்டர் என்று அச்சிட்டிருந்தால், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 5 நிமிடம் வரும். அது சிகிச்சை ஆகாது. கேனால் கொஞ்சம் தேறியதுபோல் தெரிந்ததும் இன்னும் மேலே போவதுதான் உண்மையான ஆபத்து. கற்பூரம் மூக்கில் குளிர்ச்சி தரும், ரத்தத்தில் ஆக்சிஜனை ஒரு புள்ளிகூடக் கூட்டாது. பாப்கார்னும் அப்படித்தான், பசிக்குச் சாப்பிடுங்கள்.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள். குளிர்ந்த விரலில் பொய்யாகக் குறைத்துக் காட்டும். கையுறைக்குள் விரலைச் சூடாக்கி, மாட்டி ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். 4,300 மீட்டரில் எண்பதுகளில் காட்டினால் பதறாதே, பழகாத உடம்புக்கு அந்த உயரத்தில் அப்படித்தான் இருக்கும். எண்ணைவிட ஆளைப் பார். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நேர்கோட்டில் நடக்கத் தடுமாறுவது, பேச்சு குழறுவது, நெஞ்சு வலி: இதில் எது வந்தாலும் அந்த நிமிடமே வண்டியைத் திருப்பு.

முந்தைய இரவு மது வேண்டாம், தூக்க மாத்திரையும் வேண்டாம். இரண்டும் மூச்சை மந்தப்படுத்தும்.

கொண்டைஊசி
சரி, ஐந்து நாளுக்குள் என்றால் காங்டாக் திட்டம்தான் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அப்பாவும் அம்மாவும் சோம்கோவிலேயே நின்றுகொள்வது நல்லது என்பேன். கடைசி 560 மீட்டர் ஏற்றம் அவர்களுக்கு எதற்கு?

சக்கரம்
கேட்க நன்றாக இருக்கிறது, நடைமுறையில் சிக்கல். இரண்டு மூன்று மணி நேரம் 3,750 மீட்டர் குளிர்காற்றில் அவர்கள் எங்கே உட்காருவார்கள்? பங்கு வண்டியில் போனால் அப்படி விட்டுவிட்டுப் போகவும் விடமாட்டார்கள். முழு வண்டி எடுத்து அவர்களும் கூடவே வரட்டும். மேலே வண்டி நிறுத்தும் இடம்வரை போய், உடம்பு ஒத்துழைத்தால் படி ஏறட்டும். இல்லையென்றால் வண்டிக்குள்ளேயே இருக்கட்டும். இருபது படிக்கு ஒருமுறை நின்று, பேசிக்கொண்டே ஏறும் வேகம் போதும். பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

மருந்துப்பெட்டி
இதில் நான் கொண்டைஊசி பக்கம். வண்டிக்குள் சும்மா இருந்தாலும் உயரம் உயரம்தான். மருத்துவர் இ.சி.ஜி. பார்த்து, இரண்டு மாடி ஏறும்போது நெஞ்சு இறுக்கம் இல்லை என்று உறுதியானால் மட்டும் மேலே. அப்படி உறுதியாகாவிட்டால் அவர்கள் அன்று காங்டாக்கிலேயே இருக்கட்டும், சோம்கோவும் வேண்டாம்.

சக்கரம்
இ.சி.ஜி. நிபந்தனையை நான் ஏற்கிறேன்.

பெர்மிட் தாள்கள்: ஆளுக்கு இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படம், அடையாள அட்டை நகல். வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் இவற்றில் ஒன்று. ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் நகல், பள்ளி அட்டை. முகவர் விலை சொல்லும்போது "நாதுலா பெர்மிட்டும் சேர்த்தா?" என்று கேளுங்கள். வெறும் "சாங்கு–பாபா மந்திர்" விலையைச் சொல்லிவிட்டு நாதுலாவுக்குத் தனியாகக் கேட்பது வழக்கம். சாங்கு என்பது சோம்கோவேதான், பாபா மந்திர் அந்தப் பக்கத்துக் கோயில். மேற்கு வங்கப் பதிவு வாடகை வண்டி அந்தப் பாதையில் போகாது, சிக்கிம் வண்டி வேண்டும். கணவாயில் படம் எடுக்கத் தடை.

குளிர்: ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்று வையுங்கள். காங்டாக்கில் பகல் 16 என்றால் மேலே பூஜ்ஜியத்தை ஒட்டி, காற்று தனி. தடித்த ஒரே கோட்டைவிட மூன்று அடுக்கு நல்லது, ஏனென்றால் வண்டிக்குள் கழற்ற வேண்டியிருக்கும். காலில் ஈரம் இறங்காத பூட்ஸ். கடைகளில் வாடகைக்கும் கிடைக்கும். எல்லோருடைய மாத்திரையும் இரண்டு நாளைக்கு வண்டியிலேயே இருக்கட்டும். கொண்டைஊசி சொன்ன 2018 சம்பவத்துக்கு அதுதான் முன்னேற்பாடு.

வெண்சாமரம்
அப்படியானால் இப்படி மாற்றுகிறேன். செவ்வாய் பாக்டோக்ரா, இரவு காங்டாக். புதன் ரும்டெக் மடாலயம், அன்றே பெர்மிட் விண்ணப்பம். வியாழன் நாதுலா. வெள்ளி மாற்று நாள். சனி மதியம் 12 மணி விமானம். அப்பாவை அடுத்த வாரம் மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். அவர் வேண்டாம் என்றால் அம்மாவும் அப்பாவும் வியாழன் காங்டாக்கில் இருப்பார்கள்.

கொண்டைஊசி
கிழமைகள் இப்போது சரியாக விழுகின்றன. பட்டுப்பாதைக்கு இன்னொரு முறை ஏழு நாள் ஒதுக்குங்கள், குறைக்காதீர்கள்.

சக்கரம்
12 மணி விமானம் வேண்டாம். காங்டாக்கிலிருந்து பாக்டோக்ரா சுமார் 125 கிலோமீட்டர். தீஸ்தாவை ஒட்டிய 10ஆம் எண் நெடுஞ்சாலை நன்றாக இருந்தாலே ஐந்து மணி நேரம். 2023 அக்டோபர் வெள்ளத்தில் அடிபட்ட சாலை அது. மண் சரிந்தால் லாவா, கோருபதான் வழியாகச் சுற்ற வேண்டும், இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் சேரும். மாலை 4 மணிக்கு மேல் விமானம் பாருங்கள், காலை 7 மணிக்குக் காங்டாக்கை விட்டுக் கிளம்புங்கள்.

வெண்சாமரம்
4.20க்கு ஒன்று இருக்கிறது அண்ணா. அதையே போடுகிறேன்.