வாடகையைக் கேட்க முதல் கடைசி பஸ்ஸைக் கேளுங்கள்: யாழ் நகருக்கு வெளியே குடியிருந்த அனுபவங்கள்

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி மத்தியானச் சாப்பாட்டு நேரம் கேட்டாள். "அக்கா, ரவுணுக்குள்ள வாடகை கட்டி முடியாது. தென்மராட்சிப் பக்கம் ஒரு வீடு பாக்கட்டோ?" தென்மராட்சி என்றால் யாழ் நகருக்குக் கிழக்கே நாவற்குழி, சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் எல்லாம் இருக்கிற பகுதி. சாப்பாட்டுப் பெட்டியை மூடும் வரை கதைத்தும் எனக்குச் சொல்லி முடியவில்லை. அவளைப் போல எத்தனையோ பேர் இதே யோசனையில் இருப்பார்கள் என்றுதான் இங்கே எழுதுகிறேன். வேறு இடங்களில் இருப்பவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

2023 வரை நாங்கள் கொக்குவிலில் இருந்தோம். இரண்டு அறை, சின்னக் குசினி, பொதுக் கிணறு. அந்த வருடம் வீட்டுக்காரர் மாதம் 35,000 ரூபாய் கேட்டார். அதோடு ஒரு வருட வாடகையை முற்பணமாக வைக்க வேண்டும் என்றார். 4 லட்சத்து 20 ஆயிரம். அவரில் குறை சொல்ல மாட்டேன். பல்கலைக்கழகம் பக்கத்தில் இருக்கிறது, அதே வீட்டை ஆறு மாணவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் அவருக்கு இன்னும் கூட வரும். திருநெல்வேலி, கொக்குவில், நல்லூர் எல்லாம் இதே கதைதான். காணி விலையை வெளிநாட்டுக் காசு தூக்கிவிட்டது. வாடகை அதன் பின்னால் போகிறது. சம்பளம் மட்டும் இங்கேயே நிற்கிறது.

முதலில் பார்த்தது நாவற்குழியில் ஒரு வீடு. நகருக்குக் கிட்ட, வாடகையும் கொக்குவிலில் பாதி. கிணற்றில் வாளியை விட்டு அள்ளி, கையில் ஏந்தி ஒரு மிடறு குடித்தேன். உவர். "குடிக்கத் தண்ணி வாங்கலாம், குளிக்கிறதுக்குத்தானே இது" என்றார் என் கணவர். எனக்கு மனம் வரவில்லை. குளிக்க உப்பு, தோய்க்க உப்பு, சவர்க்காரம் நுரைக்காது, வளவில் ஒரு கத்தரி வைத்தாலும் கருகும். அப்புறம் மாதா மாதம் குடிதண்ணீருக்குக் காசு. வாடகையில் மிச்சம் பிடித்ததைத் தண்ணீரில் கொடுப்பதென்றால் எதற்கு இடம் மாற வேண்டும்?

பிறகு மீசாலையில் இப்போதைய வீடு கிடைத்தது. 14,000 ரூபாய், ஆறு மாத முற்பணம். வீட்டுக்கார அம்மா வாடகையைப் பற்றிக் கதைக்க முதல் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். குடித்துப் பார்த்தவுடன் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டோம். மாதம் 21,000 மிச்சம் என்ற கணக்கு மட்டும்தான் அன்றைக்கு மண்டையில் ஓடியது. பஸ் எத்தனை மணி வரை ஓடும் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

அதற்கான பலன் 2024 பங்குனி முடிவில் வந்தது. வருடக் கணக்கு முடிக்கும் கிழமை. அலுவலகத்தால் வெளிக்கிடும்போது இரவு 7.40. பஸ் நிலையத்தில் கொடிகாமம் மினிபஸ் ஒன்றும் இல்லை. கொழும்பு பஸ்கள்தான் வெளிச்சம் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. அவை எல்லாமே என் வீட்டு வாசலால் போகிறவை. ஒரு நடத்துநரிடம் கேட்டேன். "இடையில ஏத்திறேல்ல அக்கா, எல்லாம் புக்கிங்" என்றார். இன்னொருவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். கடைசியில் ஓட்டோ. 3,000 ரூபாய்.

அரியாலை தாண்டியதும் இரண்டு பக்கமும் இருட்டு. நாவற்குழிப் பாலத்தில் கடல்நீரேரிக் காற்று முகத்தில் அடித்தது. ஓட்டோக்காரத் தம்பி நல்ல பிள்ளை, "பயப்பிடாதேங்கோ அக்கா" என்று தானாகவே சொன்னார். பயம் எனக்கு என்னைப் பற்றி இல்லை. கணவர் அந்தக் கிழமை வவுனியாவில் வேலை. ஏழு வயது மகள் பக்கத்து வீட்டில். நான் போய் இறங்கும்போது அவள் படலையடியில், அந்த வீட்டு அம்மம்மாவின் மடியில் நித்திரை. கையில் நான் காலையில் கட்டிவிட்ட ரிபனைச் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

அந்தக் கிழமை மட்டும் நான்கு தடவை ஓட்டோ. 12,000 ரூபாய். மிச்சம் என்று நினைத்ததில் பாதிக்கு மேல் போய்விட்டது. அடுத்த மாதமே அலுவலகத்தில் கேட்டு, காலை அரை மணி முன்னதாக வந்து பின்னேரம் 4.30க்கு வெளிக்கிடுகிற மாதிரி மாற்றிக்கொண்டேன். கேட்டால் தருவார்கள், கேட்கத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது.

பஸ் செலவிலும் ஒன்று கவனியுங்கள். அரச பஸ்ஸில் சீசன் (மாதத்துக்கு முற்கூட்டியே காசு கட்டி எடுக்கும் பயணச் சீட்டு) எடுத்தால் அது தனியார் மினிபஸ்ஸுக்குச் செல்லாது. காலையில் எது முதலில் வருகிறதோ அதில்தான் ஏறுவோம். அப்போது சீசனுக்கும் காசு, மினிபஸ்ஸுக்கும் காசு. நான் இரண்டு மாதம் அப்படிக் கொடுத்த பிறகுதான் சீசன் எடுப்பதை விட்டேன்.

ஆனால் கொக்குவிலுக்குத் திரும்பிப் போக இப்போது எனக்கு விருப்பமில்லை. மகளின் பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். வளவில் ஆறு தென்னை. 2025 தொடக்கத்தில் நகரத்தில் தேங்காய் 200 ரூபாயைத் தாண்டி விற்றபோது நான் காசு கொடுத்து ஒரு தேங்காய் வாங்கவில்லை. முருங்கை வேலி முழுக்க. பலாப்பழக் காலத்தில் பக்கத்து வளவிலிருந்து பாதிப் பழம் வரும், நாங்கள் மாம்பழம் அனுப்புவோம். கொக்குவிலில் எங்கள் மதிலுக்கு மற்றப் பக்கம் யார் இருந்தார்கள் என்றே எனக்குத் தெரியாது.

இழந்ததும் உண்டு. நல்லூர்த் திருவிழா 25 நாளும் முன்பு நடந்து போவேன். இப்போது தேருக்கும் தீர்த்தத்துக்கும் மட்டும். பொது நூலகத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வருடமாகிறது. அதை நினைத்தால் கவலைதான்.

கோண்டாவிலில் இருந்து ஓர் ஆசிரியர்

மீசாலைத் தங்கச்சி, நான் உங்களுக்கு எதிர்த்திசைக்காரன். வீடு கோண்டாவில், பள்ளிக்கூடம் கிளிநொச்சி. யாழ்ப்பாணத்திலிருந்து கிட்டத்தட்ட 65 கிலோமீற்றர். போய்வர 130. பதினொரு வருடமாக ஓடுகிறேன்.

காலை 5.30க்குப் படலையைத் திறந்தால் இரவு படிப்பித்தல் குறிப்பு எழுதும்போது கண் தானாக மூடும். நாங்கள் முப்பது, நாற்பது பேர் சேர்ந்து ஒரு பஸ்ஸை மாத வாடகைக்குப் பிடித்திருக்கிறோம். பஸ்ஸிலேயே இடியப்பப் பொதி பிரியும். ஒருவருடைய சம்பல் இன்னொருவருக்குப் போகும். ஆனையிறவு வரும்போது பாதிப் பேர் மறுபடியும் நித்திரை. அந்தப் பஸ்ஸுக்குள் கல்யாணம் பேசியிருக்கிறோம், செத்த வீட்டுக்குக் காசு சேர்த்திருக்கிறோம்.

கிளிநொச்சியில் வாடகை குறைவு. எல்லோரும் கேட்பார்கள், ஏன் அங்கேயே குடியிருக்கக் கூடாது என்று. உண்மையான காரணம் பிள்ளைகளின் படிப்பு. மகன் இங்கே நகரப் பள்ளிக்கூடத்தில், பின்னேரம் ரியூசன். எல்லா ஆசிரியரும் என்னைப் போலவே யோசிப்பதால்தான் அங்கே பின்னேர வகுப்பு எடுக்க ஆளில்லை. பள்ளிக்கூடம் விடும் மணி அடித்ததும் நாங்கள் பஸ்ஸுக்கு ஓடுகிறோம், கணக்கில் சந்தேகம் கேட்க வந்த பிள்ளை புத்தகத்தோடு நிற்கிறது. இது எனக்கு நெடுநாளாக உறுத்துகிற விஷயம். எங்கள் குடும்பத்தின் வசதிக்கு அந்தப் பிள்ளைகளும் ஒரு விலை கொடுக்கிறார்கள்.

2022ஐ மறக்க முடியாது. ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், அதுவும் கிடைக்காது. டீசல் இல்லாமல் எங்கள் பஸ் நின்றுவிட்டது. அந்த ஜூலையில்தான் கிளிநொச்சிப் பக்கத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் யாழ் ராணி ரயில் ஓடத் தொடங்கியது. கோண்டாவில் நிலையத்தில் ஏறினால் இருக்க இடமில்லை, ஆனாலும் போய்ச் சேர்ந்தோம். 1990இல் சண்டையால் நின்றுபோய் 2014 ஐப்பசியில் திரும்ப யாழ்ப்பாணம் வந்த தண்டவாளம் அன்றைக்கு எங்கள் சம்பளத்தைக் காப்பாற்றியது.

எங்கள் நண்பர் ஒருவர் கொடிகாமத்திலிருந்து நகருக்குப் போகிறவர். எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அவருக்குத் தினமும் 48 கிலோமீற்றர் ஓட வேண்டும். வியாழக்கிழமையோடு பெற்றோல் முடியும். வெள்ளிக்கிழமைகளில் சைக்கிளில் போனார், ஐம்பத்திரண்டு வயதில். தூரத்தில் வீடு எடுப்பவர்கள் இப்படி ஒரு காலம் திரும்ப வந்தால் என்ன செய்வோம் என்றும் யோசித்து வையுங்கள்.

சாவகச்சேரி அம்மா ஒருவர்

பிள்ளை, நான் வாடகைக்கு விடுகிற பக்கத்தில் இருப்பவள். என் அனுபவத்தையும் எழுதச் சொல்லி மகள் போனைக் கையில் தந்தாள்.

1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு யாழ் நகரும் அதைச் சுற்றிய வலிகாமமும் சேர்ந்த சனம் எல்லாம் சண்டைக்குப் பயந்து மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நடந்து இந்தப் பக்கம் வந்தார்கள். எங்கள் வளவில் ஒன்பது குடும்பம். ஒரு கிணறு. விடிய மூன்று மணிக்கே கப்பிச் சத்தம் தொடங்கும். தண்ணீர் வற்றவில்லை. யாரிடமும் நாங்கள் ஒரு சதம் வாங்கவும் இல்லை. பிறகு 2000ஆம் ஆண்டுச் சண்டையில் எங்கள் சாவகச்சேரியே இடிந்து போனது, நாங்கள் ஓடிப்போய் இன்னொருவர் திண்ணையில் இருந்தோம். வீட்டைத் திரும்பக் கட்டியது ஒவ்வொரு சீமெந்துப் பையாக.

அதனால்தான் சொல்கிறேன், இந்தப் பக்க வீட்டுக்காரர் நிறையப் பேருக்கு வாடகைக் காசை விட வீட்டில் விளக்கு எரிய வேண்டும் என்பதுதான் பெரிசு. என் பிள்ளைகள் இரண்டு பேர் கனடாவில். பூட்டிக் கிடந்தால் கறையான் ஏறும், கிணறு இறைக்காமல் பாசி பிடிக்கும். நல்ல குடும்பம் ஒன்று இருந்து முற்றம் கூட்டினால் போதும். வீடு தேடுகிறவர்கள் தரகரிடம் போக முதல் கோயிலடியிலும் கடையிலும் விசாரியுங்கள். விளம்பரத்தில் வராத வீடு எத்தனையோ இருக்கிறது.

இணுவிலில் இருந்து ஒரு தம்பி

கொழும்பில் கணினி வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்றதும் ஊருக்கு வந்துவிட்டேன். வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸுக்கு 60,000 கொடுத்தேன், இங்கே அம்மா வீட்டில் வாடகையே இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் எல்லாமே மலிவு என்று நம்பி வந்தால் ஏமாறுவீர்கள். காஸ், பால்மா, மருந்து, சவர்க்காரம் எல்லாம் கொழும்பு விலைதான், 400 கிலோமீற்றர் ஏறி வருவதால் சிலது கூடவும் இருக்கும். மலிவு என்றால் மரக்கறியும் மீனும் வாடகையும். சுன்னாகம் சந்தையில் விடியவே போனால் அந்த வித்தியாசம் கையில் தெரியும்.

அக்கா தண்ணீரைப் பற்றி எழுதியது முக்கியம். எங்கள் பக்கம் உவர் இல்லை, ஆனால் சுண்ணக்கல் தண்ணீர், மூன்று மாதத்தில் கேத்திலின் அடியில் வெள்ளையாகத் தடித்துவிடும். அதைவிடப் பெரிய பயம், 2014, 2015இல் சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விஷயம். அம்மா அப்போது வாளியில் மிதந்த படலத்தைப் பார்த்து அழுதது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. தாழையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2024இல் திறந்தார்கள். நீங்கள் பார்க்கும் வீட்டுக்குக் குழாய் இணைப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள், அக்கா. மீசாலையில் மழைக்காலம் எப்படி? வெள்ளம் நிற்குமா?

மீசாலையிலிருந்து மறுபடியும்

தம்பி, எங்கள் ஒழுங்கையில் கார்த்திகை, மார்கழியில் கணுக்கால் அளவு நிற்கும், இரண்டு நாளில் வடியும். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பிரதான வீதிக்கு வந்துதான் போடுவேன். அதனால் வீட்டை மழைக்காலத்தில் ஒரு முறை பார்ப்பது நல்லது. சாவகச்சேரி அம்மா, உங்கள் கிணற்றைப் பற்றி மகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்பது குடும்பமும் எப்படிக் குளித்தது என்று கேட்டபடி இருக்கிறாள்.

ஆசிரியர் அண்ணா, அந்தப் பிள்ளையைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். எனக்கும் பதில் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு மீசாலைக்கும் கொடிகாமத்துக்கும் இடையில் ஒரு வீடு பார்க்கப் போனேன். சந்தியில் இறங்கியதும் அவள் நேரே பெட்டிக்கடைக்குப் போனாள். "ஐயா, யாழ்ப்பாணத்தில இருந்து வாற கடைசி பஸ் இதால எத்தினை மணிக்குப் போகும்?" கடைக்கார ஐயா வாழைக்குலையை விலக்கி எட்டிப் பார்த்து, "ஏழே காலுக்கு ஒண்டு, அதை விட்டா இல்லைப் பிள்ளை. ஞாயிறெண்டா அதுவும் நம்பேலாது" என்றார். அவள் போனில் குறித்துக்கொண்டாள். பிறகுதான் வீட்டுக்காரரின் படலையைத் தட்டினோம்.