42 வயதில் எனக்கென்று ஒரு படம்: என்ன கட்டலாம்?

கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு எனக்கென்று தனியாக ஒரு படம்கூட இல்லை. கண்ணாடி போடுவேன். ஞாயிறன்று ஸ்டுடியோவில் நேரம் வாங்கியிருக்கிறேன். மயில்கழுத்து நிறப் பட்டா, பருத்தியா? வேறென்ன கவனிக்கணும்?

பதில் 1:
பருத்தியே கட்டுங்கள் அக்கா, ஜரிகை ஃபிளாஷில் பளீரென்று அடிக்கும். பொடிக் கட்டமும் வேண்டாம், படத்தில் அலையலையாக நெளியும். புருவத்தை வியாழனே திருத்திவிடுங்கள்.

பதில் 2:
தங்கை நிச்சயதார்த்தத்துக்கு ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன் தடவிக்கொண்டு போனேன். ஃபிளாஷ் படம் எல்லாவற்றிலும் என் முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர்! ஸ்டுடியோவுக்குள் அது எதற்கு? கண்ணாடியைக் கழற்றாதீர்கள், அதுதானே நீங்கள். காதுப் பக்கம் லேசாகத் தூக்கிவிட்டால் கண்ணாடியில் ஃபிளாஷ் பளிச்சிடாது.

கேட்டவர்:
சுவர் கதைக்குச் சிரித்துவிட்டேன். சரி, பருத்திதான். பட்டும் பையில் இருக்கட்டும், மனசு கேட்கவில்லை.