ஆன்லைன் சேலைக் கடை: ஆள் வருது, ஆர்டர் வரல. அவசரம், உதவுங்க

மாசிவீதி_மங்கை
வணக்கம். புதுசா ஆன்லைன்ல சேலைக் கடை ஆரம்பிச்சிருக்கோம். விளம்பரத்துக்கு தினமும் காசு போகுது. ஆளுங்க வர்றாங்கன்னு கணக்கும் காட்டுது. ஆனா வெளியாள் ஆர்டர் ஒண்ணுகூட விழல. ஆடி நெருங்குது, சரக்கு எடுத்து அடுக்கி வச்சிருக்கு, வீட்ல எல்லாரும் என் முகத்தையே பாக்குறாங்க. கஸ்டமரை எப்படி வரவழைக்கிறது? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

நெல்லை_நிரலர்
என்ன சேலை? என்ன விலை? தளம் எந்தக் கடை மென்பொருள்ல கட்டினது, வூகாமர்ஸா, ஷாப்பிஃபையா? விளம்பரம் எங்க ஓடுது? வர்றவங்க எந்தப் பக்கம் வரைக்கும் போய் நிக்கிறாங்க? இதெல்லாம் தெரியாம என்ன சொல்ல முடியும்? தள முகவரியையும் போடுங்க.

தேடல்_தாசன்
கூகுள்ல உங்க கடை வருதான்னு முதல்ல பாருங்க. தேடல் பெட்டியில சைட் என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, இடைவெளி விடாம தள முகவரி போட்டுத் தேடுங்க. ஒரு பக்கமும் வரலைன்னா கூகுளைப் பொறுத்தவரை கடை திறக்கவே இல்லை. விளம்பரக் காசு நின்ன அன்னிக்கே ஆள் வரத்தும் நின்னுடும், தேடல்ல வர்ற ஆளுக்குக் காசே வேண்டாம். கூகுளோட சர்ச் கன்சோல்னு தள உரிமையாளர்களுக்கான பக்கம் இருக்கு, அதுல பதிவு பண்ணி சைட்மேப், அதாவது உங்க தளப் பக்கங்களோட பட்டியல், கொடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

பழைய_தராசு
இந்தக் கேள்வி வாரம் தவறாம இங்க வருது. பழைய கேள்வி பதில்களைப் படிச்சிட்டுக் கேட்டா எல்லாருக்கும் நேரம் மிச்சம். "ஆள் வருது, ஆர்டர் வரல"ன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேருக்கு வர்ற ஆள் யாருன்னே தெரியாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்துற மெட்டா விளம்பரத்துல நோக்கம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல டிராஃபிக் தேர்ந்தெடுத்தா, எதைக் கண்டாலும் தட்டுற பழக்கம் உள்ளவங்களைத் தேடிப் பிடிச்சு அனுப்பும். வாங்குறவங்க வேணும்னா சேல்ஸ் நோக்கம் வைக்கணும். அதுக்குத் தளத்துல பிக்சல், அதாவது வர்றவங்க என்ன செய்றாங்கன்னு மெட்டாவுக்குச் சொல்ற குறுநிரல், ஒழுங்கா பொருந்தியிருக்கணும், வாங்கினது, கூடையில போட்டது எல்லாம் அதுக்குத் தெரியணும். மத்தவங்க செயலிகள்ல விளம்பரம் காட்டுற ஆடியன்ஸ் நெட்வொர்க்கை அணைச்சீங்களா? விளையாட்டுச் செயலிக்கு நடுவுல வர்ற விளம்பரத்தை மூடப் போய் கை பட்டுத் திறக்கிறதும் உங்க கணக்குல ஒரு ஆள்தான். இது அடிப்படை. இதுகூடத் தெரியாம காசு கட்டக் கூடாது.

சின்னாளப்பட்டி_தறி
தராசு சார், அவங்க புதுசு, கொஞ்சம் பதமா சொல்லலாமே.
தங்கச்சி, நானும் இதே தொழில்தான். சிஓடி, அதாவது பொருள் கைக்கு வந்ததும் காசு கொடுக்கிற வசதி, இருக்கா? சேலையைக் கையில வாங்கிப் பாத்துட்டுக் காசு கொடுத்தே பழகின ஜனங்க. பேர் தெரியாத கடைக்கு முன்பணம் யார் கட்டுவா? சிஓடி வைங்க, ஆர்டர் தானா விழும்.

பழைய_தராசு
சிஓடி வச்சா ஆர்டர் விழும், பார்சலும் திரும்பி வரும். கூரியர்காரர் போய் நிக்கும்போது "ஆள் ஊர்ல இல்லை"ன்னு சொல்லிட்டாப் போச்சு. போன செலவு, வந்த செலவு ரெண்டும் கடைக்காரர் தலையில. புதுக் கடைக்கு இந்த யோசனையைச் சொல்லாதீங்க.

சின்னாளப்பட்டி_தறி
திரும்புறது எனக்கும் உண்டு. அதுக்குத்தான் கூரியர் கட்டணத்தை மட்டும் யுபிஐல முன்கூட்டி வாங்கிக்கிறேன், சேலைக் காசு கையில கொடுத்தாப் போதும். விளையாட்டுக்கு ஆர்டர் போடுறவங்க அந்தச் சின்னத் தொகைக்கே ஒதுங்கிடுவாங்க. நிஜமா வேணும்ங்கிறவங்க கட்டிடுறாங்க.

மாசிவீதி_மங்கை
எல்லாருக்கும் நன்றி. மதுரை சுங்குடி, புள்ளி போட்ட சேலை. காட்டன். வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ்னு சொன்னாங்க, ஒருத்தர்கிட்ட காசு கொடுத்துக் கட்டினது. விளம்பரம் இன்ஸ்டாகிராம். நோக்கம் எல்லாம் அவர்தான் போட்டார், எனக்குத் தெரியாது. சொந்தக்காரங்க சிலர் வாங்கினாங்க, வாட்ஸ்அப்ல சொல்லிட்டு ஜிபே பண்ணிட்டாங்க. சிஓடி இல்லை. முகவரியைத் தனிச்செய்தியில கேக்குறவங்களுக்கு அனுப்புறேன்.

கோவை_கணக்கர்
விளம்பரத்தை விடுங்க. ஜிஎஸ்டி எண் இருக்கா? வெளி மாநிலத்துக்கு ஒரு சேலை அனுப்பினாலும் பதிவு கட்டாயம். வருஷ விற்பனை 40 லட்சம் வரை பதிவு வேண்டாம்ங்கிற கதையெல்லாம் மாநிலத்துக்குள்ள விக்கிறவங்களுக்கு. ஆர்டர் வந்த பிறகு இதைத் தேடி ஓடக் கூடாது.

சின்னாளப்பட்டி_தறி
கைவினைப் பொருளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை சார். 20 லட்சம் வரை விலக்கு இருக்கு. பான் எண் இருக்கணும், வெளி மாநிலத்துக்குப் போகும்போது இ-வே பில், அதாவது சரக்கு போறதுக்கான மின்னணுச் சீட்டு, போடணும். கைத்தறியும் கையால அச்சடிச்ச துணியும் அந்தப் பட்டியல்ல வருது.

கோவை_கணக்கர்
பட்டியல்ல துணியோட பேரைப் பாத்தாப் போதாது. கையால செய்தது முதன்மையா இருக்கணும். மில் துணியில ஸ்கிரீன் அச்சு வச்சு அடிச்சதை சுங்குடின்னு வித்துட்டு கைவினை விலக்கு கேட்டா அதிகாரி ஏத்துக்குவாரா?

சின்னாளப்பட்டி_தறி
நான் ஸ்கிரீன் சேலையைப் பத்திப் பேசலையே. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்தினதுக்குச் சொன்னேன். எங்க வீட்ல இன்னமும் பொம்பளைங்க உக்காந்து ஒவ்வொரு புள்ளியா நூல் சுத்திக் கட்டுறாங்க. அதையும் ஸ்கிரீனையும் ஒரே தட்டுல வைக்காதீங்க, மனசு கஷ்டமா இருக்கு.

கோவை_கணக்கர்
உங்க உழைப்பை நான் குறை சொல்லல. சட்டம் எப்படிப் பாக்கும்னு சொன்னேன். எதுக்கும் அவங்க ஒரு ஆடிட்டரைப் பாக்கட்டும்.

மாசிவீதி_மங்கை
ஜிஎஸ்டி எண் இருக்கு. அப்பா கடை மதுரை விளக்குத்தூண் பக்கம் ரொம்ப வருஷமா நடக்குது, அந்தப் பேர்லதான் ஆன்லைனும்.

நெல்லை_நிரலர்
இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! கடை இருக்குன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. தளத்தைப் பாத்தேன், அதுல கடை முகவரியே இல்லை. போன் நம்பர் இல்லை. "எங்களைப் பற்றி" பக்கத்துல அச்சு மாதிரி ஒரு பத்தி, எந்தக் கடைக்கும் பொருந்தும். 2020ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி கடையோட சட்டப்படியான பேர், முகவரி, தொடர்பு எண், குறைதீர்க்கும் அலுவலர் விவரம் எல்லாம் தளத்துல இருந்தாகணும். சட்டத்துக்காக மட்டும் இல்லை. முகம் தெரியாத ஆள் காசு கட்டணும்னா, பிரச்சினை வந்தா யாரைப் போய்க் கேக்குறதுன்னு அவருக்குத் தெரியணும். அப்பா கல்லாவுல உக்காந்திருக்கிற படம், கடை முகப்பு, வாசல்ல இருக்கிற பேர்ப்பலகை, இந்த மூணையும் முதல் பக்கத்துல போடுங்க. கூகுள் வரைபடத்துல கடையைப் பதிவு பண்ணி அதுல தள முகவரியைக் கொடுங்க. அது இலவசம்.

தேடல்_தாசன்
நானும் பாத்தேன். சந்தேகப்பட்டது சரி. கூகுள்ல ஒரு பக்கம்கூட இல்லை. வேர்ட்பிரஸ்ல செட்டிங்ஸ், ரீடிங் போங்க. தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல டிக் இருக்கு. தளம் கட்டும்போது போட்டு வைப்பாங்க, திறக்கும்போது எடுக்கணும். உங்க ஆள் எடுக்கல. நான் ஆரம்பத்துலேயே சொன்னேன்.

பழைய_தராசு
அதை எடுக்கணும், சரி. ஆனா நேத்து திறந்த தளம் ஆடிக்குள்ள "காட்டன் சேலை"க்கு முதல் பக்கத்துல வந்துடாது. பெரிய கடைகள் அங்க உக்காந்திருக்கு. அவங்க கேட்டது இந்த மாச ஆர்டர்.

தேடல்_தாசன்
"காட்டன் சேலை"க்கு வராது, ஒத்துக்கிறேன். யாரும் போட்டி போடாத சொல்லைப் பிடிக்கணும். மங்கை, உங்ககிட்ட மட்டும் இருக்கிறது ஏதாவது?

தல்லாகுளம்_அக்கா
நான் தொழில்காரி இல்லைம்மா, சேலை கட்டுறவ. சுங்குடின்னதும் உள்ள வந்தேன். உன் தளத்தைப் பாத்தேன். படம் எல்லாம் அழகு, ஆனா எனக்கு வேண்டியது ஒண்ணும் அதுல இல்லை. சேலை எத்தனை மீட்டர்? ரவிக்கைத் துணி சேத்தா, சேக்காமலா? 5.5 மீட்டரா 6.2ஆன்னு தெரியாம எப்படி வாங்குறது? சாயம் போகுமா? கைமுடிச்சா, மெழுகு அச்சா, ஸ்கிரீனா? எல்லாத்துக்கும் "மதுரை சுங்குடி"ன்னு ஒரே பேர் போட்டிருக்கே. ஸ்கிரீன்னா ஸ்கிரீன்னு எழுது, அந்த விலைக்கு அதை வாங்க ஆள் இருக்கு. கைமுடிச்சுன்னா புள்ளியைக் கிட்ட வச்சுப் படம் எடு. முடிச்சுப் பிரிச்ச இடத்துல துணி லேசா சுருங்கி நிக்கும், ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது. அது தெரிஞ்சாப் போதும், தெரிஞ்சவ வாங்குவா.
இன்னொண்ணு. என் மாமியாருக்கு மடிசாருக்கு 10 கஜம் சுங்குடி வேணும். கடை கடையா ஏறி இறங்குறேன், நல்ல கலர்ல கிடைக்கல. உங்க கடையில உண்டா?

தேடல்_தாசன்
இதைத்தான் கேட்டேன்! 9 கஜம், 10 கஜம் சுங்குடி இருந்தா அதுக்குத் தனிப் பக்கம் போடுங்க. மடிசார் கட்டுறவங்க சென்னை, மும்பை, டெல்லி, வெளிநாடுன்னு சிதறிக் கிடக்காங்க, பக்கத்துக் கடையில அவங்களுக்கு அது கிடைக்கிறதில்லை. தேடித்தான் வாங்கணும். சேலையோட பேர்லயே நீளத்தை எழுதுங்க, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும். கூகுள் மெர்ச்சன்ட் சென்டர்ல பொருளை இலவசமாப் பட்டியல் போடலாம், அதையும் செய்யுங்க.

சின்னாளப்பட்டி_தறி
அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. வெயில் விழாத பகல் வெளிச்சத்துல எடுங்க, ராத்திரி ட்யூப்லைட்ல எடுத்தா மாம்பழ மஞ்சளும் எலுமிச்சை மஞ்சளும் ஒண்ணாத் தெரியும். திரும்பி வர்ற சேலையில பாதி கலர் விஷயம்தான். முந்தி தனியா, பார்டர் தனியா, ஒரு ஆள் கட்டி நிக்கிறது ஒண்ணு. முதல் தண்ணிக்கு உப்புப் போட்டு தனியா அலசணும்னு எழுதுங்க.

மாசிவீதி_மங்கை
10 கஜம் இருக்கு அக்கா. அதெல்லாம் யாரு ஆன்லைன்ல வாங்குவான்னு தளத்துல ஏத்தல. அரக்கு, பச்சை, நீலம் மூணும் இருக்கு.

தல்லாகுளம்_அக்கா
ஏத்தும்மா. நான் வாங்குறேன். அதுக்குள்ள எனக்கு ஒரு மஞ்சள் சேலை பிடிச்சிருந்தது, வாங்கிப் பாப்போம்னு போட்டேன். பின்கோடு, முகவரி எல்லாம் கொடுத்தேன். கடைசியில போன் நம்பர் கேட்டு ஓடிபி அனுப்புறேன்னுச்சு. வரவே இல்லை. திரும்ப அனுப்புன்னு அழுத்தினேன், அப்பவும் வரல. பையன் நம்பர்லயும் பாத்தாச்சு. அவன் வேற கம்பெனி சிம். அதுலயும் வரல.

நெல்லை_நிரலர்
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க. இதுதான் விஷயம்.
நானும் என் ரெண்டு நம்பர்ல பாத்தேன், ஓடிபி வரல. ஓடிபி இல்லாம பணம் கட்டுற பக்கத்துக்கே விடமாட்டேங்குது. மங்கை, உங்களுக்கு வருதா?

மாசிவீதி_மங்கை
என் போன்ல ஏற்கனவே லாகின் ஆகித்தான் இருக்கு. ஓடிபி கேக்கவே கேக்காதே. நல்லா போகுதே.

நெல்லை_நிரலர்
அதனாலதான் உங்களுக்குத் தெரியல. சொந்தக்காரங்களும் வாட்ஸ்அப்ல வாங்கிட்டாங்க, அந்த வழியில யாரும் நடக்கவே இல்லை.
கடை பேரையோ மெசேஜ் வாசகத்தையோ நடுவுல மாத்தினீங்களா? இந்தியாவுல வணிக எஸ்எம்எஸ் அனுப்பணும்னா தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் விதிப்படி, தொலைபேசி நிறுவனங்க நடத்துற டிஎல்டிங்கிற பதிவுத் தளத்துல அனுப்புநர் பேரையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு பண்ணணும். போற மெசேஜ் பதிவான வாசகத்தோட பொருந்தலைன்னா தொலைபேசி நிறுவனமே தடுத்துடும். 2021ல இருந்து இதைக் கறாரா பாக்குறாங்க. உங்க கடைத் தளத்துல பிழைன்னு ஒண்ணும் காட்டாது, அனுப்பியாச்சுன்னே சொல்லும். வாடிக்கையாளர் கொஞ்ச நேரம் காத்திருந்துட்டு மூடிட்டுப் போயிடுவார்.

மாசிவீதி_மங்கை
ஆமா, தளம் முடியுற நேரத்துல கடை பேர்ல "சுங்குடி"ங்கிற வார்த்தையைச் சேக்கச் சொன்னேன். மெசேஜ்லயும் அந்தப் பேர் வரும்னு சொன்னார்.

நெல்லை_நிரலர்
அப்ப அதுவாத்தான் இருக்கும். எஸ்எம்எஸ் அனுப்புற சேவையோட பக்கத்துல டெலிவரி அறிக்கை கிடைக்கும், அதுல காரணம் எழுதியிருக்கும், உறுதிப்படுத்திக்கோங்க. புது வாசகத்தைப் பதிவு பண்ண ஆகுற நாள் ஆகட்டும். அதுவரைக்கும் ஓடிபியைத் தூக்கிடுங்க. வூகாமர்ஸ் செட்டிங்ஸ்ல அக்கவுன்ட்ஸ் அண்ட் பிரைவசின்னு ஒரு பகுதி, அதுல கணக்கு தொடங்காமலே வாங்க விடுன்னு ஒரு கட்டம் இருக்கு, டிக் போடுங்க. ஒரு சேலை வாங்க வந்தவரை உறுப்பினரா சேத்துத்தான் ஆகணும்னு ஏதும் இல்லை.
அதோட கூரியர் கட்டணம் கடைசிப் பக்கத்துலதான் தெரியுது. சேலைப் படத்துக்குக் கீழேயே எழுதுங்க. இதெல்லாம் ஆகுறவரைக்கும் விளம்பரத்தை நிறுத்தி வைங்க, அப்பா காசு வீணாப் போகுது.

பழைய_தராசு
பிக்சலையும் பாக்கச் சொன்னேன், அதை மறந்துடாதீங்க. விளம்பரம் திரும்ப ஓடும்போது கூடையில போட்டவங்க எத்தனை, பணம் கட்டுற பக்கம் வரைக்கும் வந்தவங்க எத்தனைன்னு தனித்தனியா தெரியணும். அது இருந்திருந்தா எங்க அடைப்புன்னு முதல் நாளே தெரிஞ்சிருக்கும். ஓடிபி விஷயத்தை நிரலர் சரியாப் பிடிச்சார்.

நெல்லை_நிரலர்
பிடிச்சது அக்கா, சார். நாம யாரும் வாங்கிப் பாக்கவே இல்லை.

கோவை_கணக்கர்
ஆன்லைன் விற்பனைக்கு ரசீது வரிசை தனியா வைங்க. கடை ரசீதோட கலந்தா வருஷக் கடைசியில சிக்கல்.

மாசிவீதி_மங்கை
ஓடிபி எடுத்தாச்சு. டெலிவரி அறிக்கையில வாசகம் பொருந்தலைன்னுதான் போட்டிருந்தது. கூகுள் டிக்கும் எடுத்தாச்சு. நேத்து ராத்திரி திருச்சியில இருந்து ஒரு ஆர்டர், தெரியாத ஆள். இன்னிக்குக் காலையில இன்னொண்ணு. பேக்கிங் வேலை இருக்கு, அப்புறம் வர்றேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

சின்னாளப்பட்டி_தறி
சந்தோஷம் தங்கச்சி. முதல் பார்சல்ல துவைக்கிற முறையை அப்பா கையால எழுதின சீட்டு ஒண்ணு வைங்க.

தேடல்_தாசன்
10 கஜம் பக்கம் போட்டாச்சா? போட்டதும் சர்ச் கன்சோல்ல அந்த முகவரியைக் கொடுத்துப் பட்டியலிடச் சொல்லிக் கேளுங்க.

தல்லாகுளம்_அக்கா
மங்கை, அரக்கு கலர் 10 கஜம் எனக்கு எடுத்து வை. தளத்துல இன்னும் காணோம். விளக்குத்தூண் பக்கம் எந்தக் கடைன்னு சொன்னா நேர்லயே வந்துடுவேன்.