மாருதி 800: நாலு சக்கர பிரேக்கிலும் ஏர் எடுத்தாச்சு, பிரேக் பெடல் இன்னும் பஞ்சு மாதிரி இருக்கிறது

சேலத்து 800:
வண்டி 1998 மாடல், அப்பா வாங்கியது. மூன்று வருஷம் ஷெட்டில் சும்மா நின்றது. முன் பிரேக் காலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) இரண்டும் இறுகிப் போயிருந்ததால் கழற்றி, பிஸ்டனும் ரப்பர் கிட்டும் புதிதாகப் போட்டு நானே மாட்டினேன். மனைவியைப் பெடலில் உட்காரவைத்து பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று பிரேக் குழாயில் இருந்த காற்றை, அதாவது ஏரை, எடுத்தேன். அரை லிட்டர் டாட் 3 பிரேக் ஆயில் இரண்டு பாட்டில் காலி. கடைசியில் ஒரு குமிழிகூட வரவில்லை. ஆனால் முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது. இரண்டு மூன்று தடவை அடித்தால் மேலே வருகிறது, அப்போதும் கெட்டியாக நிற்பதில்லை. எங்கும் கசிவு இல்லை. அடுத்த மாதம் கொல்லிமலை போக வேண்டும். மிதிக்கும்போது ஆயிலைக் குழாயில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டதா?

டிரம் பைத்தியம்:
மாஸ்டர் சிலிண்டருக்குச் செலவு செய்யுமுன் ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு மிதித்துப் பாருங்கள். பெடல் சட்டென்று உயர்ந்தால் பின் சக்கர டிரம் பிரேக்கில் லைனருக்கும் (உரசிப் பிடிக்கும் பட்டை) டிரம்முக்கும் இடைவெளி அதிகம், அதை அட்ஜஸ்ட் செய்தால் போதும். ஏர் என்று நினைத்து ஆயிலை ஊற்றிக்கொண்டே இருப்பவர்கள் பாதிப் பேர் இந்தக் கேஸ்தான்.

சேலத்து 800:
பார்த்தேன் சார். ஒரு நூல் அளவு உயர்ந்தது, அவ்வளவுதான்.

பட்டறைக்காரன்:
தம்பி, பெடலை அழுத்தி அப்படியே ஒரு நிமிஷம் பிடியுங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே போனால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசிகிறது. போகாமல், ஸ்பிரிங் மாதிரி துள்ளினால் எங்கேயோ காற்று இருக்கிறது.

இன்னொன்று. ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதிக்க விட்டீர்களா? நின்ற வண்டியில் அது ஆபத்து. பிஸ்டன் தினமும் போகாத இடத்தில் துருவும் அழுக்கும் இருக்கும், ரப்பர் அதில் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். நிப்பிளை (ஏர் வெளியே விடும் திருகு) மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும், முன்னால் எடுத்தால் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும்.

பெடல் இறங்கவில்லை என்றால் முன் ரப்பர் ஹோஸ் இரண்டையும் ஹோஸ் கிளாம்ப் போட்டு அடைத்துவிட்டு மிதியுங்கள், பெடல் கெட்டியானால் காற்று முன் பக்கம்தான். கட்டிங் பிளேயரால் நசுக்கிவிடாதீர்கள், ஹோஸ் உள்ளே வெட்டுப்படும்.

சேலத்து 800:
அண்ணா, ஒரு நிமிஷம் பிடித்தும் இறங்கவில்லை. முன் ஹோஸ் இரண்டையும் அடைத்தால் பெடல் கல். எந்தப் பக்கம் கிளாம்பை எடுத்தாலும் திரும்பப் பஞ்சு. ஆனால் நிப்பிளைத் திறந்தால் சுத்தமான ஆயில்தான் வருகிறது!

பட்டறைக்காரன்:
இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா? அப்படியானால் குனிந்து ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். நிப்பிள் காலிப்பரின் மேல் பக்கம் இருக்கிறதா, கீழ்ப் பக்கமா?

சேலத்து 800:
கீழே இருக்கிறது. இரண்டிலும். ஐயோ.

பட்டறைக்காரன்:
இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறீர்கள். போல்ட்டெல்லாம் ஒழுங்காக உட்காரும், சந்தேகமே வராது. காற்று மேலே போய்ப் பதுங்கும், நீங்கள் அடியிலிருந்து ஆயிலை மட்டும் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். பத்து பாட்டில் ஊற்றினாலும் இதே கதைதான். பட்டறையில் வேலை கற்றுக்கொண்ட புதிதில் நானும் இதைச் செய்து திட்டு வாங்கியிருக்கிறேன்.

பக்கம் மாற்றுங்கள். ஹோஸ் போல்ட்டின் செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள், பழையது கசியும். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

மலைப்பாதை:
கொல்லிமலை என்றதும் எட்டிப் பார்த்தேன். 70 கொண்டை ஊசி வளைவு, ஏறுவதைவிட இறங்குவதுதான் பிரேக்குக்குப் பரீட்சை. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பிறகு 140 வரை விழலாம். சூட்டில் அது கொதித்தால் குழாயில் ஆவி, மறுபடி பஞ்சுப் பெடல், அதுவும் வளைவில். ஏற்கெனவே திறந்து கிடந்த பாட்டிலைப் பயன்படுத்தாதீர்கள். டாட் 4 ஊற்றலாம், டாட் 5 வேண்டாம், அது சிலிக்கான், இதோடு சேராது. ரப்பர் ஹோஸ்கள் அந்தக் காலத்தவையா?

சேலத்து 800:
ஆமாம் சார், வண்டியோடு வந்தவை. நான்கையும் மாற்றச் சொல்லிவிட்டேன், அதனால் கொல்லிமலை ஒரு மாதம் தள்ளிப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலிப்பர் பக்கம் மாற்றினேன். முன் இடதில் நிப்பிளைத் திறந்ததும் சோடா பாட்டில் மாதிரி புஸ்ஸென்று வந்தது. அரை பாட்டில்கூட ஆகவில்லை. இப்போது கால்வாசி இறங்கியதும் கெட்டியாக நிற்கிறது. தெருவில் மெதுவாக ஓட்டி நாலைந்து தடவை பிடித்துப் பார்த்தேன், ஒரு பக்கம் இழுக்கவில்லை. அடுத்த தடவை பெடலில் நான் உட்கார வேண்டுமாம், ஸ்பேனர் அவளிடம் இருக்குமாம்.