தொண்டிமுதலும் த்ரிக்சாக்ஷியும்: ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எழுதுங்கள்

இழையைத் தொடங்கியவர்

திலீஷ் போத்தன் இயக்கி 2017இல் வந்த இந்த மலையாளப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஃபகத் ஃபாசில் கண்ணாலேயே நடித்தார், சுராஜ் வெஞ்ஞாறமூடு பிரமாதம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். உண்மைதான். ஆனால் எனக்கு அந்தப் படம் பிடித்ததற்குக் காரணம் நடிப்பு மட்டும் இல்லை. ஒரு புகாரோடு போலீஸ் ஸ்டேஷனுக்குள் போகிறவர் அங்கே என்ன ஆகிறார் என்பதை அது அப்படியே காட்டியது. அதனால் கேட்கிறேன்: புகார் கொடுக்கவோ, சாட்சி சொல்லவோ, யாரையாவது ஜாமீனில் எடுக்கவோ போனவர்கள் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். கேரளத்தில் நடந்தது என்றால் இன்னும் நல்லது. ஸ்டேஷன் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம்.

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. வைக்கத்துக்காரர்கள் பிரசாத்தும் ஸ்ரீஜாவும். வீட்டு எதிர்ப்பை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு வடக்கே காசர்கோட்டுப் பக்கம் பிழைக்க வருகிறார்கள். பஸ்ஸில் ஸ்ரீஜா அசந்த நேரத்தில் பின் சீட்டுக்காரன் அவள் சங்கிலியை எடுத்துவிடுகிறான். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் வாயில் போட்டு விழுங்கியும் விடுகிறான். பார்த்தது அவள் ஒருத்திதான். ஸ்டேஷனில் பெயர் கேட்டால் தன் பெயரும் பிரசாத் என்கிறான். எக்ஸ்ரேயில் சங்கிலி தெரிகிறது. பிறகு வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்புதான் படம்.

இனி என் விஷயம். வடகேரளத்தில் ஒரு ஊரில் வேலையில் இருந்தேன். மனைவி இரண்டு வளையல்களை அடகு வைக்க எடுத்துக்கொண்டு தனியார் பஸ்ஸில் போகும்போது பையை யாரோ கிழித்துவிட்டார்கள். கண்டக்டர் உஷாரானவர். கதவைச் சாத்தச் சொல்லி, பஸ்ஸை நேராக ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். ஒருவனிடம் வளையல்கள் இருந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது, வளையலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் எல்லாம் ஆரம்பித்தது. புகாரும் வாக்குமூலமும் எழுதும் போலீஸ்காரரான ரைட்டரின் மேஜைக்கு எதிரே ஒரே ஒரு பெஞ்ச். ஒரு முனையில் என் மனைவி, மறு முனையில் அவன். எஸ்.ஐ. வேறு ஒரு ஊர்வலத்துக்குப் பந்தோபஸ்து போயிருந்தார். மதியம் ஆனது. அவனுக்குச் சாப்பாடு வந்தது, எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு பெண் போலீஸ், “சேச்சி, நீங்க போய் ஊண் கழிச்சிட்டு வாங்க” (சாப்பிட்டுவிட்டு வாருங்கள்) என்று பாதித் தமிழில் சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் வாக்குமூலம். மனைவி, “அவர் எடுத்ததை நான் பார்க்கவில்லை, பை லேசாக இருந்ததும் சத்தம் போட்டேன்” என்றாள். ரைட்டர் பேனாவை நிறுத்திவிட்டு, “எடுத்ததைக் கண்டேன்னு சொன்னாத்தான் கேஸ் நிற்கும்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்கு உதவத்தான் சொன்னார். ஆனால் அந்த நொடியில் எனக்கு ஸ்ரீஜா ஞாபகம் வந்தாள். படத்தில் அவள் பார்த்ததைச் சொன்னாள், முதலில் யாரும் எளிதில் நம்பவில்லை. இங்கே என் மனைவி பார்க்கவில்லை என்கிறாள், பார்த்ததாகச் சொல்லச் சொல்கிறார்கள். இரண்டு இடத்திலும் காகிதத்துக்குத் தோதாக ஒரு உண்மை தேவைப்படுகிறது. அவள் மாற்றிச் சொல்லவில்லை. “நான் சொன்ன மாதிரியே எழுதுங்க சார்” என்றாள். எழுதினார்கள்.

போலீஸ்காரர்கள் கேள்வி கேட்கும்போது நம் முகத்தைப் பார்ப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? ஃபைலைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். படத்தில் அது எவ்வளவு சரியாக வந்திருக்கிறது! எஸ்.ஐ.யாக வரும் சிபி தாமஸ் அப்போது நிஜமாகவே போலீஸ் அதிகாரி. அந்த ஸ்டேஷனில் தெரியும் முகங்களில் பலரும் வேலையில் இருந்த போலீஸ்காரர்கள்தான். ராஜீவ் ரவியின் கேமராவும் அவர்களை வேலை செய்ய விட்டு ஓரமாக நின்று பார்க்கிறது.

பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர்

நான் சித்தூர் தாலுகா. எங்கள் பக்கம் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். அப்பா கேரளப் போலீஸில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து ஏ.எஸ்.ஐ.யாக (உதவி சப்-இன்ஸ்பெக்டர்) ஓய்வு பெற்றவர். அதனால் பெஞ்சுக்கு மறுபக்கம் எனக்குத் தெரியும்.

படத்தில் அலன்சியர் செய்த ஏ.எஸ்.ஐ. சந்திரனைப் பார்த்து எல்லாரும் கோபப்படுகிறார்கள். அப்பா கோபப்படவில்லை. திருடன் கையை விட்டு ஓடியதும் சந்திரன் முகத்தில் ஒரு பயம் வரும். “அந்தப் பயம் எனக்கும் தெரியும்” என்றார். காவலில் இருந்த ஆள் தப்பினால் முதலில் போவது பக்கத்தில் நின்றவன் வேலை. சஸ்பென்ஷனில் பிழைப்பூதியம் மட்டும் வரும், விசாரணை எத்தனை வருடம் இழுக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பயத்தில் ஒருவர் பொய் எழுதத் தொடங்கினால், கூட இருப்பவர்கள் எல்லாரும் அதில் ஒரு வரி சேர்க்கிறார்கள். அப்பா இதை நியாயப்படுத்தவில்லை. எப்படி நடக்கிறது என்று சொன்னார், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ஓணம் என்றால் அப்பா இல்லாத ஓணம். தேர்தல் வந்தால் வேறு மாவட்டம், மண்டல காலம் என்கிற ஐயப்ப பக்தர் சீசன் வந்தால் சபரிமலை. சின்ன வயதில் எனக்கு அது அப்பா மேல் கோபமாக இருந்தது. 2019இல் மம்மூட்டி நடித்த ‘உண்ட’ வந்தபோது குடும்பத்தோடு போனோம். 2014 நாடாளுமன்றத் தேர்தலுக்காகக் கேரளப் போலீஸில் ஒரு பிரிவு சத்தீஸ்கரின் மாவோயிஸ்ட் பகுதிக்கு அனுப்பப்பட்டதை வைத்து எடுத்த படம். போதுமான தோட்டா இல்லை, மொழி தெரியாது, யாருக்காக அங்கே நிற்கிறோம் என்றும் புரியவில்லை. லுக்மான் செய்த ஆதிவாசிப் போலீஸ்காரர், கூட வேலை செய்பவர்களின் சாதிக் கேலியைத் தாங்க முடியாமல் வெடிக்கும் காட்சியில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகு தன் பேட்சில் இருந்த ஒருவரைப் பற்றிச் சொன்னார். அதுவரை அப்படி ஒருவரைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை.

2008இல் போலீஸை மக்களோடு நெருக்கமாக்கும் ஜனமைத்ரி திட்டம் வந்த பிறகு பீட் ஆபீசர்கள் வீடு வீடாகப் போய்ப் பேச ஆரம்பித்தார்கள். எங்கள் தெருப் பெண்களுக்கு ஸ்டேஷன் வாசல் ஏறும் தயக்கம் அதனால் குறைந்தது என்பது நானே பார்த்தது. இதையும் எழுதியாக வேண்டும்.

ஒரு வக்கீல்

இழையைத் தொடங்கியவர் சொன்ன ரைட்டர் ஏன் அப்படிக் கேட்டார் என்று சொல்கிறேன்.

போலீஸிடம் ஒருவர் ‘நான்தான் திருடினேன்’ என்று ஒப்புக்கொண்டாலும் நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பில்லை. பழைய சாட்சியச் சட்டத்தில் 25ஆவது பிரிவு. ஆனால் அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த பகுதி மட்டும் செல்லும். அது 27ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் சட்டங்களின் பெயரும் எண்ணும் மாறிவிட்டன, இந்த அடிப்படை மாறவில்லை. ஆகவே திருட்டு வழக்கில் எல்லாம் பொருளில் வந்து நிற்கிறது. படத்தில் அந்த ஸ்டேஷன் முழுக்க ஒருவன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான். சங்கிலி வெளியே வராவிட்டால் மிஞ்சுவது ஒரு பெண்ணின் சொல். சட்டப்படி ஒரே ஒரு நேரடி சாட்சி, நம்பத்தக்கதாக இருந்தால், போதும். நடைமுறையில் அந்த ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணையில் எவ்வளவு அலைக்கழிக்க முடியும் என்று எங்களுக்குத் தெரியும், போலீஸுக்கும் தெரியும். சஜீவ் பாழூரின் திரைக்கதைக்குத் தேசிய விருது கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஒரு வழக்கின் எலும்பை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்.

என் அனுபவம் ஒன்று. ஒரு திருட்டு வழக்கில் மகஜர் சாட்சியாக, அதாவது பொருளைக் கைப்பற்றியதைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவராக, டீக்கடைக்காரர் ஒருவர் கூண்டில் ஏறினார். பொருள் எடுத்தபோது கூட இருந்தீர்களா என்று கேட்டேன். “ஸ்டேஷனுக்கு டீ கொண்டு போனேன், கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்” என்றார். என் கட்சிக்காரர் விடுதலையானார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அன்று கோர்ட்டுக்கு வெளியே நகையைப் பறிகொடுத்த அம்மா உட்கார்ந்திருந்தார். பொருள் உண்மையிலேயே அவருடையது, திருட்டும் உண்மையிலேயே நடந்தது. ஒழுங்காக எழுதியிருந்தால் நின்றிருக்கும் வழக்கு அது.

இன்னொன்று, நகை திரும்பக் கிடைக்க வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. மாஜிஸ்திரேட்டிடம் இடைக்காலப் பொறுப்பில் கேட்டு மனுப் போடலாம். போட்டோ எடுத்து, பட்டியல் போட்டு, பாண்ட் எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும், ஸ்டேஷனில் வைத்து வீணாக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புகாரே வாங்க மாட்டேன் என்றால், கைது செய்யத்தக்க குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்கிற 2013 லலிதா குமாரி தீர்ப்பைச் சொல்லுங்கள்.

மூணாறுக்காரர்

எங்கள் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். 2021இல் வந்த ‘நாயாட்டு’ பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு தலித் இளைஞர் இறந்த வழக்கில் சிக்கிய மூன்று போலீஸ்காரர்கள் தங்கள் துறையாலேயே துரத்தப்பட்டு எங்கள் மலைக்கு ஓடி வருகிறார்கள். ஜோஜு ஜார்ஜின் மணியன் மகளைப் பற்றிப் பேசும் இடம் யாருக்கும் மறக்காது. எழுதிய ஷாஹி கபீர் போலீஸில் வேலை பார்த்தவர், அதனால் அதிகாரிகள் போனில் பேசும் தொனிகூட அச்சு அசல்.

ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கேரளத்திலும் இதைப் பலர் எழுதினார்கள். தேர்தல் நேரத்தில் ஒரு தலித் அமைப்பு அரசையே வளைக்க முடிகிற மாதிரி படம் காட்டுகிறது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு பையனை ராத்திரி கூட்டிக்கொண்டு போனபோது நாங்கள் நாற்பது பேர் ஸ்டேஷன் வாசலில் நின்றோம். விடியும்வரை ஒருவரும் வெளியே வந்து பேசவில்லை. காலையில் எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஒரு போன் வந்த பிறகுதான் விட்டார்கள். எங்கள் பலம் அவ்வளவுதான். ஸ்டேஷனுக்குள் நடப்பதை நிஜம் போல எடுக்கத் தெரிந்தவர்கள் வாசலில் நிற்கிறவர்களையும் அதே கவனத்தோடு பார்த்திருக்கலாம். ஓடி வரும் மூவரில் மணியனும் சுனிதாவும் தலித்துகள்தான் என்று படமே சொல்கிறது. எனக்கு அது பதிலாகப் படவில்லை.

இழையைத் தொடங்கியவர்

மூணாறுக்காரர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நாயாட்டைத் திரும்பப் பார்க்கும்போது வாசலைக் கவனிப்பேன்.

வக்கீல் சார் சொன்ன மனுவைத்தான் எங்களுக்கும் ஒரு குமாஸ்தா போட்டுக் கொடுத்தார். வளையல்கள் சில மாதத்தில் கைக்கு வந்தன. ஆனால் விற்கவோ உருக்கவோ கூடாது, கேட்கும்போது கோர்ட்டில் காட்ட வேண்டும் என்று பாண்ட். அடகு வைக்கக் கிளம்பிய பணத்தேவை அப்படியே நின்றது, வெளியே கடன் வாங்கித்தான் சமாளித்தோம். திருடப்பட்டவருக்கு இந்தச் செலவையெல்லாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மனைவி கூண்டில் ஏறியது அதற்கும் வெகுநாள் கழித்து. எதிர்த்தரப்பு வக்கீல், “எடுத்ததை நீங்கள் பார்க்கவில்லை, அல்லவா?” என்றார். “பார்க்கவில்லை” என்றாள். “பிறகு எப்படி இவர்தான் என்கிறீர்கள்?” “நான் அப்படிச் சொல்லவில்லை. வளையல் என்னுடையது, பஸ்ஸில் வரும்போது பையில் இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.” அதற்கு மேல் அவரால் கேட்க ஒன்றும் இல்லை. பஸ்ஸை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன கண்டக்டர் அன்றைய வேலைக்குப் போகாமல் இரண்டு வாய்தாவுக்கு வந்து, ஆளிடமிருந்து வளையலை எடுத்ததைச் சாட்சி சொன்னார். வழக்கு நின்றது அவரால்தான்.

தண்டனை ஆனது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த ஆள் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டருக்குப் பஸ் காசுகூட யாரும் கொடுக்காததால் நாங்களே கொடுக்கப் போனோம், வாங்க மறுத்துவிட்டார். சாட்சிப் படி வாங்க கோர்ட்டில் எப்படிக் கேட்க வேண்டும் என்று வக்கீல் சாரோ வேறு யாராவதோ எழுதினால், அவர் மாதிரி வருகிறவர்களுக்கு உதவும்.