முழுக் கேள்வியைத் தட்டினால் பூஜ்யம், குறைத்தால் வெள்ளம்: பப்மெட் தேடலில் உதவி தேவை

மலர்: வணக்கம். செவிலியர் முதுநிலைப் படிப்பின் ஆய்வுக்கு, மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தில் கட்டுரைகள் தேடுகிறேன். இரவுப் பணி செவிலியர்களின் தூக்கத்தைக் கெடுத்து, மருந்து கொடுப்பதில் பிழைக்கு இட்டுச் செல்கிறதா என்பது தலைப்பு. கேள்வியை முழு வாக்கியமாகத் தட்டினால் ஒன்றுமே வருவதில்லை. பிறகு இப்படித் தேடினேன் (ஆங்கிலத்தில்தான், இங்கே ஒலிபெயர்த்திருக்கிறேன்; "ஆர்" என்றால் ஏதாவது ஒன்று இருந்தால் போதும், "ஆண்ட்" என்றால் இரண்டும் இருக்க வேண்டும்):

ஸ்லீப் ஆர் இன்சோம்னியா ஆண்ட் நர்ஸ் ஆர் "ஷிப்ட் ஒர்க்"

ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது. முதல் பக்கத்திலேயே தொழிற்சாலை ஊழியர்கள், விமானிகள். செவிலியரைக் காணவில்லை.

சேகர்: வாக்கியமாகத் தட்டினால், அதிலுள்ள முக்கியச் சொற்கள் எல்லாம் ஒரே பதிவில் இருக்க வேண்டும் என்று பப்மெட் எடுத்துக்கொள்கிறது. அத்தனையும் ஒரே கட்டுரைச் சுருக்கத்தில் அமைவது அரிது. "நாட்" போட்டு விமானிகளை விலக்கிப் பாருங்களேன்.

நூலகத்துக்காரர்: "நாட்" வேண்டாம். செவிலியரையும் விமானிகளையும் ஒப்பிடும் கட்டுரை ஒன்று இருந்தால் அதுவும் போய்விடும்.

கோளாறு அடைப்புக்குறி இல்லாததில் இருக்கிறது. பப்மெட் இடமிருந்து வலமாகப் படிக்கும். முதலில் தூக்கமும் தூக்கமின்மையும், அவற்றில் செவிலியர் உள்ளவை மட்டும். கடைசி "ஆர்" வந்ததும், ஷிப்ட் வேலை பற்றி உலகில் வந்த எல்லாமே சேர்ந்துகொள்கிறது. உங்கள் விமானிகள் ஏறியது அந்த வாசலில்தான். ஸ்கோப்பஸ் என்ற இன்னொரு கட்டுரைத் தளமோ "ஆர்" என்பதை முதலில் கணக்கிடும். அங்கே இதே வரிக்கு வேறு விடை. அடைப்புக்குறி இட்டுவிட்டால் எந்தத் தளத்திலும் பொருள் மாறாது:

(நர்ஸ் ஆர் நர்சஸ்) ஆண்ட் ("ஷிப்ட் ஒர்க்" ஆர் "நைட் ஷிப்ட்") ஆண்ட் (ஸ்லீப் ஆர் இன்சோம்னியா)

ஒரு கருத்துக்கு ஓர் அடைப்பு. உள்ளே "ஆர்", வெளியே "ஆண்ட்". பப்மெட்டில் இவற்றைப் பெரிய எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். மருந்துப் பிழையை இப்போதைக்கு விடுங்கள். பட்டியல் பெரிதாக இருந்தால் நான்காவது அடைப்பாகச் சேர்க்கலாம்.

மலர்: மிக்க நன்றி ஐயா, செவிலியர்கள் வந்துவிட்டார்கள்! நர்ஸ், நர்சஸ் என்று தனித்தனியாக எழுதாமல், சொல்லின் வேரோடு நட்சத்திரக் குறி போட்டால் போதாதா?

நூலகத்துக்காரர்: போடலாம், ஆனால் குழந்தைகள் காப்பகமும் பாலூட்டும் தாய்மாரும் உள்ளே வருவார்கள், ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் அதே வேர்தான். இன்னொன்று, நட்சத்திரக் குறி இட்ட சொல்லுக்குப் பப்மெட் தானாகத் தலைப்புச் சொல்லைத் (கட்டுரையின் பொருளைக் குறிக்க இடும் நிலையான பெயர்; அந்தப் பட்டியலின் பெயர் மெஷ்) தேடித் தராது. மேம்பட்ட தேடல் பக்கத்தில், தேடல் வரலாற்றில் உள்ள விவரத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் தட்டியது வெறும் இன்சோம்னியா. பப்மெட் அதனுடன் "ஸ்லீப் இனிஷியேஷன் அண்ட் மெயின்டெனன்ஸ் டிஸார்டர்ஸ்" என்ற மெஷ் தலைப்பையும் சேர்த்திருக்கும். அந்தப் பெயர் யாருக்குத் தோன்றும்?

சேகர்: அப்படியானால் மெஷ் தலைப்பை மட்டும் வைத்துத் தேடினால் துல்லியமாக இருக்குமே?

நூலகத்துக்காரர்: பப்மெட்டில் மெஷ் தலைப்பு இடப்படாத கட்டுரைகளும் உண்டு, அவை தப்பிவிடும். மெஷ் தலைப்பையும் சாதாரணச் சொற்களையும் ஒரே அடைப்பில் "ஆர்" போட்டுச் சேர்ப்பதே வழக்கம். செவிலியர் துறைக் கட்டுரைத் தளமான சினாலுக்குப் போகும்போது மெஷ் பகுதியை எடுத்துவிடுங்கள் மலர். அங்கே தலைப்புப் பட்டியல் தனி. சொற்கள் உள்ள பகுதியை அப்படியே ஒட்டலாம்.