சென்னைக்குப் போய் கருவைக் கலைச்சுக்கொண்டு வந்தனாங்கள், இப்ப கட்டிலில ஆளுக்கொரு பக்கம்

கோண்டாவில்காரன்:
வணக்கம், பேர் போடேல்ல, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, இஞ்ச ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ஆக்கள் இல்லைதானே. கலியாணம் கட்டி ரெண்டரை வருசம். மாசி மாசம், 19 கிழமையில எடுத்த ஸ்கானில, பிள்ளைக்கு மண்டையோடு வளரேல்ல, பிறந்தாலும் தங்காது எண்டு சொல்லிச்சினம். இலங்கைச் சட்டம் தாயின்ர உயிருக்கு ஆபத்து எண்டால் மட்டும்தான் விடும், பிள்ளை தப்பாது எண்டதுக்காகச் செய்யேலாதாம். அப்ப அவ இன்னும் அஞ்சு மாசம் சுமக்கோணும், "எப்ப பிள்ளை?" எண்டு கேக்கிற ஆக்களுக்குச் சிரிக்கவும் வேணும். நகையை அடைவு வச்சு சென்னைக்குப் போய்ச் செய்துகொண்டு வந்தம். ஊருக்கு "தானா அழிஞ்சிட்டுது" எண்டு சொல்லியிருக்கு.

ஏழு மாசமாச்சு. கை வச்சால் அவவின்ர உடம்பு அப்பிடியே விறைக்குது. ஒருநாள் சரிவந்தது, பாதியில அழத் தொடங்கிட்டா, எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியாமல் எழும்பிப் போய் கிணத்தடியில இருந்தனான். அதுக்குப் பிறகு நானும் கேக்கிறேல்ல. "போவம்" எண்டு முதல் சொன்னது நான்தான், அவ "ஓம்" எண்டு மட்டும் சொன்னவ. அதுக்காக என்னை வெறுக்கிறாவோ, இல்லை உடம்பில ஏதும் பிழையோ? மாமி எண்டால் இந்த முறை கந்தசட்டி பிடியுங்கோ எண்டு நிக்கிறா.

பழைய வோட் நர்ஸ்:
தம்பி, பிரசவ வோட்டில கன வருசம் நிண்டனான். முதல் உடம்பைச் சொல்லுறன். ரத்தப்போக்கு அநேகமா ரெண்டு கிழமைக்குள்ள நிண்டிடும், நிண்டாப்பிறகு அவவுக்கு மனமிருந்தால் சேரலாம், இத்தினை நாள் கழிச்சுத்தான் எண்டு இல்லை. ஆனா ஏழு மாசத்துக்குப் பிறகும் நோகுதெண்டால் காட்டத்தான் வேணும். வாசிக்கிற மற்றாக்களுக்கும் சொல்லுறன், காய்ச்சல், நாத்தத்தோட வெள்ளைபடுகுது, ரத்தம் நிக்குதில்லை எண்டால் சட்டம் கிட்டம் எண்டு பயந்துகொண்டு வீட்டில கிடக்காதேங்கோ, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ.

ஒண்டு கேக்கிறன், பால் சுரந்ததோ? 19 கிழமையில போனால் ரெண்டு மூண்டு நாளில பால் கட்டும். குடிக்கப் பிள்ளை இல்லை, நெஞ்சு கல்லு மாதிரி, சட்டை நனையும். பிள்ளைப்பெத்தவளுக்கு எண்டால் சரக்கரைச்சு, பத்தியக்கறி வச்சு தாய்மார் சுத்தி நிப்பினம், இந்தப் பிள்ளைக்கு ஒளிச்சுச் செய்தபடியால் ஒருத்தரும் ஒண்டும் வச்சுக் குடுத்திருக்காயினம். பிறகு அதே நெஞ்சைத் தொடுறீர். விறைக்காமல் என்ன செய்யும்?

மற்றது பயம். திரும்பத் தங்கினால் திரும்பவும் இப்பிடி வருமோ எண்டு. அப்பிடி வாறது 100 பேரில 3 பேருக்கு மட்டில. தங்கிறதுக்கு ஒரு மாசத்துக்கு முதலே தொடங்கி 12 கிழமை வரைக்கும் ஃபோலிக் அசிட் 5 மில்லிகிராம் போடோணும், சாதாரணமாக் குடுக்கிற அளவு காணாது, டொக்டரிட்ட இந்த ஸ்கான் கதையைச் சொல்லிக் கேளுங்கோ. அதுவரைக்கும் தங்காமல் இருக்க ஊசியோ லூப்போ ஏதோ ஒண்டு. கலைஞ்சு ரெண்டு மூண்டு கிழமையிலயே, மாசச் சுகயீனம் வாறதுக்கு முன்னமே தங்கலாம் எண்டதும் கனபேருக்குத் தெரியாது.

வடமராட்சிப் பிள்ளை:
எங்கட கதை வேற. மூத்தவனுக்கு ஒன்பது மாசம், அவர் வெளிநாடு போக ஏஜென்சிக்குக் காசு கட்டிப்போட்டு நிண்ட நேரம். ஆரோ ஒராளிட்ட வேண்டின குளிசையைப் போட்டு, ரத்தம் நிக்காமல் கடைசியில ஆஸ்பத்திரியிலதான் கிடந்தனான், ஆரும் அந்த வேலை பாக்காதேங்கோ. ஆனா உண்மையைச் சொல்லுறன், எனக்கு அப்ப நிம்மதியாத்தான் இருந்தது. அழுதது அவர்தான். நான் அழேல்ல எண்டதை அவர் ஆறு வருசம் மனசில வச்சுக்கொண்டு திரிஞ்சவர், நான் இந்த மனுசனுக்கு என்னைப் பிடிக்காமல் போட்டுது எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்.

அண்ணா, கேளுங்கோ, ஆனா கட்டிலில வச்சுக் கேக்காதேங்கோ. நாங்கள் கதைச்சது மோட்டச்சைக்கிளில கீரிமலைக்குப் போகேக்க. முகம் பாக்கத் தேவையில்லைத்தானே.

தர்மம் வெல்லும்:
சிசுக்கொலை செய்துபோட்டு கட்டில் கதையோ. கர்மா விடாது.

ஸ்காபரோ மச்சாள்:
"தர்மம்", மண்டையோடு இல்லாத பிள்ளை எண்டதை வாசிச்சனீங்களோ? இது 1883 இல வெள்ளைக்காரன் எழுதின தண்டனைச் சட்டக்கோவை, 303ஆம் பிரிவு. அவன் தன்ர நாட்டில 1967 இலயே மாத்திப்போட்டான். 2017 இல கொழும்பில மந்திரிசபை இப்பிடித் தப்பாத பிள்ளையளுக்கு விடுவம் எண்டு ஓம்பட்டது, கத்தோலிக்க ஆயர்மார் எதிர்க்க அப்பிடியே கிடப்பில போச்சு.

கோண்டாவில் தம்பிக்கு: அமெரிக்காவில 1000 பொம்பிளையள் மட்டில அஞ்சு வருசம் பின்தொடர்ந்து பாத்தவை, கலைச்சதால சோடியள் கூடப் பிரிஞ்சதா இல்லை. ஆனா அவை வேண்டாமெண்டு கலைக்க வந்த ஆக்கள், உங்கடது ஆசைப்பட்ட பிள்ளை, அதால அந்தக் கணக்கை உங்களுக்கு அப்பிடியே போடேலாது. உங்களுக்கு நடந்தது செத்தவீடு, எட்டும் இல்லை அந்திரட்டியும் இல்லை. ஆரிட்டயும் கதைக்கோணும் போல இருந்தால் 1926, தேசிய மனநல இலக்கம், ஊராக்கள் காதுக்குப் போகாது.

கோண்டாவில்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நர்ஸ் அம்மா, கேக்கத் துணிவு வரேல்ல, நீங்கள் எழுதினதை போனோட அவவிட்டக் குடுத்தன். பால் சுரந்ததாம், வந்து மூண்டாம் நாள். கோவா இலையைப் பிரிட்ஜில வச்சுக் குளிராக்கி நெஞ்சில வச்சுக் கட்டினவவாம். எனக்கு அந்தக் கோவா ஞாபகம் இருக்கு. திருநெல்வேலிச் சந்தையில நான்தான் வேண்டிக்கொண்டு வந்தனான், பின்னேரம் வந்து "வறை வைக்கேல்லையோ" எண்டு கேட்டனான். அவ "பழுதாப் போச்சு" எண்டு சொன்னவ.

விடிய ரெண்டு மணிமட்டும் கதைச்சம், வேற ஒண்டும் நடக்கேல்ல. என்னை வெறுக்கேல்லையாம், கிணத்தடிக்குப் போனதுதானாம் கோவம். செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போறம். கந்தசட்டியை மாமியே பிடிக்கட்டும்.